காகித இறக்கையில் படிந்தது

வீட்டைப் பெருக்கித் துடைத்து, துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜெயசீலி அதைப் பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சின்ன விமானத்தின் இறக்கைகளில் தூசி படிந்திருந்தது. காலையில்தான் அதைச் சுத்தம் செய்து வைத்திருந்தாள்.

தூசி புதிதல்ல. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் வயல்களை வளைத்துக் கொட்டகை போடத் தொடங்கியதிலிருந்து பருத்திப்பட்டுச் சாலையில் லாரிகள் ஓயாமல் உறுமிக்கொண்டு போயின. அவை கிளப்பிவிட்ட செம்மண் புழுதி கூரையில் இறங்கி, கொடியில் காயும் சேலையில் ஏறி, சோற்றில் கலந்து பல்லில் நறநறத்தது. ஆனால் இறக்கையில் இருந்தது சிவப்பு இல்லை. சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலைவிட மெல்லிசு. கீழே கிடந்த கட்டிலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பக்கத்திலிருந்த டிரங்குப் பெட்டியில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தின் கண்ணாடியில் இல்லை. விமானத்தின் மேல் மட்டும் யாரோ சல்லடையால் சலித்துவிட்டுப் போனது மாதிரி கிடந்தது.

அவள் முக்காலியைப் போட்டு ஏறினாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

அந்த விமானம் அவள் புருஷன் பாஸ்கல் செய்தது. மீனம்பாக்கத்தில் நிஜ விமானங்களின் இறக்கைகளுக்குத் துணி போர்த்தி, அதன் மேல் மருந்து பூசி விறைப்பாக்குவது அவன் வேலை. அந்த மருந்தை 'டோப்பு' என்பான். அவன் வேலை முடிந்து வரும்போது கூடவே அதிகமாகப் பழுத்த வாழைப்பழ வாசனை ஒன்று வாசல்படி ஏறி வரும். கல்யாணமான புதிதில், ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, மூங்கிலை நூல்போலச் சீவி எலும்பு எலும்பாகக் கட்டி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளைப் போர்த்தி, கொஞ்சமாக டோப்பு பூசி அதைச் செய்தான். மேளத் தோல் மாதிரி இறுகி நின்றது தாள். அவள் ஆசையாக முந்தானையால் துடைக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயய்யோ, துணி வெச்சுத் தேய்க்காத சீலி. தூசியில பொடிக்கல்லு கீது. தேய்ச்சா அந்தக் கல்லே தாளைக் கீறிடும்."

"அப்புறம் எப்டித் தொடைக்கிறது?"

"தொடைக்கவே கூடாது. தள்ளணும்." சவரம் செய்யும் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தான். ஈரமில்லாமல், அழுத்தாமல், எலும்பு ஓடுகிற வாக்கில் மட்டும், உடம்பிலிருந்து இறக்கை நுனியை நோக்கி அவள் கையைப் பிடித்துத் தள்ளிக் காட்டினான். "தூங்குற கொழந்த மேல ஈ ஒக்காந்தா எப்டி ஓட்டுவே? அப்டி."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிறகு அவன் ரங்கூனுக்குப் போனான். அங்கே விமானத் தளத்தில் இதே வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போன கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது என்று ஊரெல்லாம் பேசினார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ஈஸ்டரும் வந்து போய்விட்டது. மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி மேற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தார்கள். ஜெயசீலி எங்கேயும் ஓடவில்லை. விமானத்தில் தூசி படியாமல் பார்த்துக்கொண்டாள். அது சுத்தமாக இருக்கிறவரைக்கும் அவன் எங்கேயோ முழுசாக இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

பிரஷ்ஷால் தள்ளிய சாம்பலை முறத்தில் ஏந்திக் கொல்லைக்குக் கொண்டுபோய் முருங்கையடியில் உதறினாள். சாயங்காலம் ஜெபத்துக்கு விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், இறக்கையில் மறுபடியும் சாம்பல்.

"மாமா," என்று கூப்பிட்டாள். "இங்க குந்திகினு சுருட்டு புடிச்சீங்களா?"

பாஸ்கலின் அப்பா இக்னேஷியஸ் ரயில்வேயில் கேட் காத்து ஓய்ந்தவர். வாசலில் நின்று சாலையையே பார்ப்பதுதான் இப்போது அவர் வேலை. திரும்பிப் பார்த்தார்.

"ஈஸ்டருக்கு முன்ன தபசு காலத்துல வுட்டவன், இன்னும் தொடல தாயி. அவன் வந்தாத்தான் தொடுவேன்னு வேண்டிகினு கீறேன். இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல மாமா."

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. காலையில் தள்ளுவாள், மத்தியானம் படிந்திருக்கும். மத்தியானம் தள்ளுவாள், விளக்கு வைக்கும்போது படிந்திருக்கும். ஒருநாள் எல்லா வேலையையும் போட்டுவிட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஏரிப் பக்கம் நீர்க்கோழி ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. ஓட்டிடுக்கில் இறங்கிய வெயில் கோடு தரையில் நகர்ந்து நகர்ந்து கட்டில் காலில் ஏறியது. அந்தக் கோட்டுக்குள் ஒரு துகள்கூட மிதக்கவில்லை. மேலேயிருந்து எதுவும் விழவில்லை. ஆனால் தாளின் நிறம் மெல்ல மெல்ல மங்கியது. வெளியிலிருந்து வந்து விழுவதாக இல்லை. வியர்வை துளிர்ப்பதுபோலத் தாளுக்குள்ளிருந்தே சாம்பல் ஊறி மேலே வந்தது.

அவள் முக்காலியில் ஏறி விரல் நுனியை மெதுவாக வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பழுத்த வாழைப்பழம். அதற்கு அடியில் புகை. அதற்கும் அடியில், வெயிலில் நடந்து வந்த மனுஷனின் கழுத்து வாசனை.

முக்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கொல்லைக்கு ஓடினாள். முருங்கையடியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். செம்மண்தான் வந்தது. கோழிகள் கிளறிப்போட்ட குழி, காய்ந்த பூ, மறுபடியும் செம்மண். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. "உன்னியப் பெருக்கிக் கொட்டிட்டனே, உன்னிய நானே வாரிக் கொட்டிட்டனே" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் சாணி தட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி சீலி, இன்னாத்தத் தொலைச்சே?"

சேலையில் மண்ணோடு எழுந்து உள்ளே போனாள்.

அன்றைக்குக் கட்டிலில் தன் கல்யாணச் சேலையை மடித்து விரித்தாள். அதன் மேல் வெள்ளைத் துப்பட்டியை விரித்தாள். பிறகு முக்காலியில் ஏறி, ஒரு துகள்கூட வெளியே சிந்தாமல், தாளில் ஒரு கீறல் விழாமல், சாம்பலைக் கட்டிலின் மேல் தள்ளினாள். அது சிதறவில்லை. துப்பட்டியின் கால்மாட்டில் போய்ச் சேர்ந்து ஒன்றாகக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தபோது சேலைக் கரை படபடத்தது. சாம்பல் அசையவில்லை.

நாலைந்து நாளில் அங்கே ஒரு குதிகால் இருந்தது.

அவள் அலறவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். குதிகாலில் வெடிப்புகூட இருந்தது.

இக்னேஷியஸிடம் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒருநாள் மத்தியானம் கூழ் கேட்டு உள்ளே வந்தவர், அறை வாசலில் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்துவிட்டார். அதற்குள் முழங்கால்வரை வந்திருந்தது. கையிலிருந்த ஜெபமாலையை விரல்களில் சுற்றிக்கொண்டார்.

"இன்னா தாயி இது?"

"அவருதான் மாமா. வந்துகினு கீறாரு."

கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். கத்துவார், சாமியாரைக் கூட்டிவரப் போவார் என்று அவள் நினைத்தாள். அவர் மெதுவாகக் குனிந்து, தொடாமல், தலைமாட்டில் எதுவுமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"வாப்பா. மெதுவா வா. அவசரமில்ல."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் அவளுக்கே பயமாக இருக்கும். வாசல் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. கோயிலுக்குப் போவது நின்றுபோனது. காலையும் மாலையும் அவள் முக்காலியில் ஏறிப் பிரஷ்ஷால் தள்ளினாள். கிழவர் கீழே நின்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா தாயி, மெதுவா" என்றார். தொடை வந்தது. இடுப்பு வந்தது. மார்பு வந்தபோது, அது லேசாக ஏறி இறங்கியது. அப்போது அறையில் ஒரு சத்தம் எழுந்தது. காய்ந்த இலைமேல் ஓணான் ஓடுவது மாதிரி, சரசரவென்று. மூச்சு.

ஒருநாள் கிழவர் கேட்டார். "பாஸ்கலுக்குக் கால் இவ்ளோ பெரிசா தாயி?"

"அசலூர்ல நடந்து நடந்து அப்டி ஆயிருக்கும் மாமா."

"ஒரு கால் பெரிசு. இன்னொண்ணு சின்னது."

"தூசிதானே மாமா. சரியாயிடும்."

அவளும் பார்த்திருந்தாள். வலது கை ஒட்டி உலர்ந்து நீளமாக இருந்தது. இடது கை குட்டையாக, தடித்த கணுக்களோடு இருந்தது. பாஸ்கலின் கைகள் இரண்டும் மூங்கில் சீவிச்சீவி ஒரே மாதிரி காய்த்துப்போயிருக்கும். அவள் அந்த நினைப்பைத் தள்ளினாள். முகம் வரட்டும் என்றிருந்தாள். முகம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

சித்திரை முடிகிற சமயம் ஒரு காலையில், தலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் உருண்டு சேர்ந்தது. அதில் சின்னச் சின்னக் குழிகள் விழத் தொடங்கியிருந்தன. கண்ணாக இருக்கும் என்று நினைத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

திறந்தால், கோலை ஊன்றிக்கொண்டு ஒரு ஆள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலில் பழந்துணி சுற்றியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் தோல் சுருங்கிப் பளபளத்தது. உள்ளே கிழவர் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லும் ஜெபமாலை திரைக்குப் பின்னாலிருந்து முணுமுணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"பாஸ்கல் ஊடு இதானே?" என்றான் வந்தவன். "நான் எத்திராஜ். கொரட்டூரு. ரங்கூன்ல அவுரு கூட வேலை செஞ்சவன். நடந்தே வந்தேன் தாயி. காடு, மலை அல்லாம் நடந்து."

அவள் அவனை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசல் நடையிலேயே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"எப்டிச் சொல்றதுன்னு வழி முச்சூடும் நெனச்சிகினே வந்தேன்."

"தெரியும் அண்ணே," என்றாள் அவள். "அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். எப்டின்னு மட்டும் சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அல்லாரும் ஒரே கொட்டாய்ல துணி போர்த்திகினு இருந்தோம். நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன். அதான் பொழச்சேன். குண்டு தூரத்துலதான் வுழுந்துது. ஆனா அந்த டோப்பு கீதே, நெருப்பு வாசனை பட்டாப் போதும். சுவரெல்லாம் டின்னு டின்னா அடுக்கி வெச்சிருந்தது. கதவுகிட்ட போனேன் தாயி. சத்தியமா போனேன். மூஞ்சியப் பாரு."

"அவரு சத்தம் கேட்டுச்சா?"

"அல்லாரு சத்தமும் கேட்டுது. ஊட்டு ஆளுங்க பேரைத்தான் கூப்ட்டாங்க. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பேரு. யாரு எதுன்னு பிரிக்க முடியல."

ஜெபமாலை முணுமுணுப்பு ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பறம்? எங்க பொதைச்சீங்க?"

"பொதைக்க இன்னா கீது தாயி?" என்றான். "மறுநாள் நாங்க மிச்சம் இருந்தவங்கதான் வாரினோம். யாரு கையி, யாரு காலுன்னு ஒண்ணும் தெரியல. தரையில ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடந்துது. பாஸ்கலு, ஏழுமலை, சின்னப்பன், அந்தத் திருமழிசைப் பையன், அல்லாரும். அல்லாரும் சேந்து ஒரே சாம்பல். வாரும்போதே காத்து அடிச்சிது. பாதி எழும்பிப் போயிடுச்சு. எங்க போச்சுன்னு தெரியல."

அவள் எழுந்துகொண்டாள்.

ஒரு பெரிய கால். ஒரு சின்னக் கால். ஒட்டி உலர்ந்த கை. தடித்த கை. காலையில் பார்த்த குழிகள். இரண்டல்ல. நிறைய.

உள்ளே ஜெபமாலை நின்றிருந்தது.

"மாமா?"

சரசரவென்று அந்த மூச்சு மட்டும் கேட்டது. அது முன்னைவிடப் பலமாக இருந்தது. ஒரு மூச்சு உள்ளே போகும்போதே இன்னொன்று வெளியே வந்தது. அதற்கு நடுவில் வேறொன்று. சின்ன அறைக்குள் ஒரு கூட்டம் தூங்குவது மாதிரி இருந்தது.

"உள்ள யாரு தாயி?" என்றான் எத்திராஜ்.

அவள் திரையை விலக்கினாள்.

கறுப்புக் காகிதம் சுற்றிய விளக்கிலிருந்து ஒரு வட்ட வெளிச்சம்தான் கட்டிலில் விழுந்தது. அது போதுமாக இருந்தது. கட்டிலின் மேல் அது எழுந்து உட்கார்ந்திருந்தது. கிழவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் இறுக்கி, அதன் தோளில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தாலாட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முடி, இமை, உதடு எல்லாம் சாம்பல். "பாஸ்கலு," என்றார். "வந்துட்டியா பாஸ்கலு."

அதற்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாய்கள் இருந்தன. நெற்றியில். கன்னத்தில். தொண்டையில். மார்பு நெடுக. சின்ன வாய், பெரிய வாய், பல் விழுந்த வாய், மீசை அரும்பிய வாய். எல்லாம் திறந்து திறந்து மூடின.

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு பேர்கள்.

"அங்கம்மா."

"முத்தம்மா... ஏ முத்தம்மா..."

"அம்மா. அம்மா. அம்மா."

"நாகம்மா, கதவத் தொற."

அவளுக்குப் பின்னால் செம்பு விழுந்து உருண்டது. "ஏழுமலை," என்றான் எத்திராஜ். "ஐயோ, அது ஏழுமலை கொரலு." அவன் தவழ்ந்து வாசல் பக்கம் போகிற சத்தம் கேட்டது. கோல் தரையில் கிடந்தது. பிறகு சாலையில் அவன் ஓடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அவளும் ஓடியிருக்கலாம். கதவு திறந்தேதான் கிடந்தது. உடம்பு அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது.

அப்போதுதான் அது கேட்டது. எல்லாக் குரல்களுக்கும் அடியில், ரொம்ப மெல்லிசாக.

"சீலி."

அவன் குரல்தான். அவனேதான்.

"எங்க கீறே?" என்றாள். "எங்க கீறேய்யா?"

வாய்கள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தன. எதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. "சீலி" என்று மறுபடியும் கேட்டது. வலப்பக்கம்? இல்லை. கீழே? அதற்குள் நாகம்மா, அதற்குள் அம்மா.

ஜெயசீலி கட்டிலில் ஏறி மண்டியிட்டாள். பூ வைத்த தலையைச் சாய்த்தாள். நெற்றியிலிருந்த வாயில் காதை வைத்தாள். அது அங்கம்மா என்றது. கன்னத்து வாயில் வைத்தாள். அது முத்தம்மா என்றது. சூடான சாம்பல் காதுக்குள் இறங்கியது. தொண்டைக்கு வந்தாள். கேட்டாள். இல்லை. அடுத்த வாய். இல்லை. அதற்கும் அடுத்தது.